வெறுங்கழுத்து

மருத்துவப் பள்ளியில் நான் முதல் தடவை கோட்டை விட்டது ஒரு கழுத்தால்தான். வாய்மொழித் தேர்வில் ஒரு நோயாளியைச் சாய்வாகப் படுக்க வைத்து, "என்ன தெரிகிறது?" என்று கேட்டார்கள். நாக்கை நீட்டச் சொன்னேன், நகத்தைப் பார்த்தேன், மார்பைத் தட்டினேன், வயிற்றை அமுக்கினேன். அந்த மனிதருக்குக் கழுத்தில் நரம்பு காதடி வரைக்கும் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்ததாம். அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி போய்த் தேறினேன்.

அந்த ரோஷத்தில் கண்ணில் பட்ட கழுத்தையெல்லாம் பார்க்க ஆரம்பித்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கழுத்து, கல்யாணப் பந்தியில் எதிர் இலைக்காரர் கழுத்து, என்னைத் திட்டிக்கொண்டிருக்கும் மேலதிகாரியின் கழுத்து. கல்யாணமான புதிதில் என் மனைவி, "என் சங்கிலியவா பாக்குறீங்க?" என்று தெலுங்கில் கேட்டாள். எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேச்சு. சங்கிலியைப் பார்க்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கழுத்தில் தெரியும் துடிப்பு இரண்டு வகை. ஒன்று, இருதயத்திலிருந்து ரத்தம் போகிற குழாய். அது துள்ளும். விரல் வைத்தால் விரலைத் தள்ளும். இருதயத்தின் கதவு சரியாக மூடாதவர்களுக்கு அது சட்டைக் காலரே ஆடுகிற அளவுக்குத் துள்ளும். இன்னொன்று, இருதயத்துக்கு ரத்தம் திரும்பி வருகிற குழாய். ஊரில் நரம்பு என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். இது துள்ளாது, அலையும். கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. லேசாக அழுத்தினாலே நின்றுவிடும். வருகிற ரத்தத்தை வாங்க முடியாமல் இருதயம் திணறும்போது, மடை அடைத்த வாய்க்கால் மாதிரி ரத்தம் பின்னால் தேங்கிக் கழுத்தில் ஏறி நிற்கும். நல்ல இருதயம் உள்ளவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் இது தெரியவே கூடாது. தெரிந்தால் எங்கேயோ கோளாறு என்று அர்த்தம்.

நாற்பதுகளில், உலகச் சண்டைக் காலத்தில், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே ரோட்டோரத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் ஒற்றை டாக்டர். எனக்குத் துணை ஒரு கம்பவுண்டரும் ஒரு ஆயாவும். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுகள் கரிப்புகையில் ஓடின. பரளச்சிப் பக்கத்திலிருந்து ஜனங்கள் மாட்டு வண்டியிலும் நடந்தும் வந்தார்கள். மழையை நம்பி விதைக்கிற பூமி, ஒட்டி உலர்ந்த உடம்புகள். ஒரு டாக்டராக இதைச் சொல்ல எனக்குக் கூச்சம்தான்; ஆனால் கழுத்தைப் பார்த்து நோய் சொல்ல அந்தச் சீமை மாதிரி வசதியான இடம் கிடையாது. யார் கழுத்திலும் மறைக்கிற அளவுக்குச் சதை இல்லை.

பெண்கள் வந்தால் கழுத்துதான் எனக்குக் கதி. மார்பில் குழல் வைக்க விடமாட்டார்கள். வைத்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்துவிடுவார்கள். சேலைக்கும் காதுக்கும் நடுவில் தெரிகிற அந்த நாலு விரல் இடத்தில் என்ன ஓடுகிறது என்று பார்த்தே பாதி முடிவு செய்துகொள்வேன். கம்பவுண்டர், "எங்க டாக்டரு கழுத்துல எழுதியிருக்கத வாசிப்பாரு" என்று வெளியில் பெருமையடித்துவிட்டு வருவார். எனக்கும் அந்தப் பெருமை பிடித்துத்தான் இருந்தது.

ஒரே ஒரு வகைக் கழுத்தை மட்டும் நான் பார்ப்பதில்லை. புருஷனை இழந்த பெண்கள், தாலி கழற்றிய பிறகு, முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் வெளியே வருவார்கள். வெறுங்கழுத்து அடுத்தவர் கண்ணில் படக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். நான் பிறந்து வளர்ந்த தறிக்காரத் தெருவிலும் அதுதான் வழக்கம். எதிரில் வந்தால் நாமும் தலையைத் திருப்பிக்கொள்வோம். அதை மரியாதை என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பருத்தி எடுப்புக் காலத்தில் ஒரு நாள் காலையில் காடு வைத்துப் பாடுபடுகிற ஒரு சம்சாரி தன் தங்கையை வண்டியில் கூட்டி வந்தார். அவளுக்கு முப்பது வயது இருக்கும். புருஷன் ஒரு வருஷம் இருமி இருமியே செத்துப்போய் நாலு வருஷமாயிற்று. பிள்ளை இல்லை. மாமியார் வீட்டில் கதவை அடைத்துவிட்டார்கள். அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, மதினியோடு பருத்திக்காட்டுக்குப் போய்வருகிறவள். மூன்று மாதமாக வயிறு வீங்கிக்கொண்டே வந்திருக்கிறது. வந்தவள் கழுத்தைக் கயிறு சுற்றின மாதிரி முந்தானையால் சுற்றியிருந்தாள்.

வயிற்றைத் தட்டிப் பார்த்தேன். தண்ணீர். சந்தேகத்துக்கே இடமில்லை. கல்லீரலும் தடித்திருந்தது. கல்லீரல் கெட்டு நீர் கோத்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். "கழுத்தைக் கொஞ்சம் காட்டு தாயி" என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல வாய் வரவில்லை. வந்தவர்கள் கழுத்தையெல்லாம் வாசிக்கிற டாக்டர், அன்றைக்கு நல்ல பிள்ளையாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

கதவைச் சாத்திவிட்டு, ஆயா பின்னாலிருந்து தாங்கிக்கொள்ள, அவளை மேஜை ஓரத்தில் உட்கார வைத்து, துளையுள்ள தடித்த ஊசியை வயிற்றில் செலுத்தினேன். ஒன்றரை வாளி வடிந்தது. வடிய வடிய அவள் முகம் தெளிந்தது. "மூச்சு வருதுய்யா" என்றாள். வாளியை ஆயா பின்பக்கமாகக் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவி வைத்தாள். அண்ணனும் வண்டிக்காரனும் வாசலில் வேப்ப மரத்தடியில் இருந்தார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து சொன்னேன்: "எறக்கியாச்சு. இனிமே பயமில்ல. ஊருல யாருகிட்டயும் இதச் சொல்லிக்கிட்டு இருக்க வேணாம்."

கடைசி வாக்கியத்தை நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். வயிற்றில் நீர் கோத்துவிட்டது என்று கேள்விப்பட்டால் போதும், ஊர் ஜனம் வரிசையாக வந்து அவள் முன்னாலேயே ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிடும். ஆளுக்கொரு பச்சிலையை அரைத்து ஊற்றும். அதைத் தடுக்கத்தான் சொன்னேன். நீர் பிரிய மருந்தும் கொடுத்து அனுப்பினேன். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு எனக்கு ருசியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் மட்டும் தனியாக வந்தார். கூட்டம் போகும்வரைக்கும் மரத்தடியிலேயே நின்றார். கடைசியில் உள்ளே வந்து, தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அய்யா, அன்னைக்கு நீங்க எறக்குனது என்னது?"

"தண்ணி. வேற என்ன?"

"தண்ணின்னு நீங்க சொல்லலய்யா. எறக்கியாச்சுன்னு மட்டுந்தான் சொன்னீக. யாருகிட்டயும் சொல்ல வேணாம்னும் சொன்னீக. வண்டிக்காரன் கேட்டுக்கிட்டு இருந்திருக்கான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. மருத்துவப் பள்ளியில் நாங்கள் வயிற்றில் தண்ணீர் இறக்குவது என்று சொல்லிச் சொல்லி, நாளாவட்டத்தில் தண்ணீர் உதிர்ந்துபோய் இறக்குவது என்பது மட்டும் மிச்சமாகியிருந்தது. எங்கள் தறிக்காரத் தெருவிலோ இறக்குவது என்றால் வண்டியிலிருந்து நூல் மூட்டையை இறக்குவதுதான். பத்து மைல் தள்ளி, அவர்கள் ஊர்ப் பேச்சில், ஒரு பெண்ணின் வயிற்றை வைத்து "எறக்கியாச்சு" என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். வயிற்றோடு போனாள், வயிறில்லாமல் வந்தாள், டாக்டரே வெளியே சொல்லாதே என்றார். ஊருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நான் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தேன். எந்தப் பய சொன்னான், அவனைக் கூட்டிக்கொண்டு வா, எழுதிக் கொடுக்கிறேன், போலீசுக்குப் போவேன் என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் பாதி தெலுங்கில் வரும். அந்த மனிதர் நான் கத்தி முடிக்கிறவரைக்கும் அப்படியே நின்றார்.

"நீங்க சத்தம் போடுறது எனக்குச் சரிதான்யா. எனக்கு எந்தங்கச்சியத் தெரியும். ஊருக்கு நான் என்னத்தக் காட்ட?"

பிறகு மீதியைச் சொன்னார். ஊர்க் கோவில் பொங்கல் முடிகிறவரை அவள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவரே தன் கையால் அவள் பாயைத் தூக்கிக்கொண்டுபோய் மாட்டுத் தொழுவத்தில் போட்டிருக்கிறார். பொங்கல் முடிந்ததும் கூட்டம். ஊரை விட்டு அனுப்பச் சொல்லித்தான் தீர்ப்பு வரும் போலிருக்கிறது.

"அனுப்பச் சொன்னா அவ எங்கய்யா போவா? பத்து நாளா தொழுவத்துல மாட்டோட மாடாக் கெடக்கா. எம் பொண்டாட்டி கஞ்சியக் கொண்டுபோய் வாசப்படியில வச்சுட்டு வாரா. உள்ள போறதில்ல."

ஆயா தண்ணீரைப் பார்த்தாளே என்றேன். அவள் ஆஸ்பத்திரிக்காரி, அப்படித்தான் சொல்லுவாள் என்று ஊர் சொல்லும் என்றார். மறுபடி நீர் கோத்திருந்தால் ஊரையே கூட்டி வைத்து அவர்கள் கண் முன்னாலேயே வாளியில் இறக்கிக் காட்டலாம் என்று நினைத்து, "வயிறு திரும்ப வீங்குதா?" என்று ஆவலோடு கேட்டேன்.

"இல்லய்யா. நீங்க குடுத்த மருந்துல வத்தித்தான் கெடக்கு."

நான் கொடுத்த மருந்து பலித்ததற்காக நான் வருத்தப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். ஊர் யார் சொன்னால் நம்பும் என்று கேட்டேன். ஊரில் பேறு பார்க்கிற அம்மா சொன்னால் நம்புவார்கள் என்றார். அந்த அம்மாவையும் தங்கையோடு சேர்த்துக் கூட்டிவரச் சொல்லி அனுப்பினேன். வந்தால் என்னத்தைக் காட்டப் போகிறேன் என்று எனக்கும் தெரியாது.

ஒரு வாரம் கழித்து வண்டி வந்தது. அண்ணன் வெளியே நின்றுகொண்டார். உள்ளே வந்தது மூன்று பெண்கள்: அவள், அவளுடைய மதினி, பேறு பார்க்கிற அம்மா. அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காதில் பாம்படம் தொங்க, அந்த ஊரில் பாதிப்பேரைக் கையில் வாங்கிப் போட்டவள் என்கிற மிடுக்கோடு வந்து, என் மேஜை, என் அலமாரி, என் முகம் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தாள். எதுவும் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

வயிற்றைத் தடவிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் நீர் இருந்தது, ஊசி போட்டு எடுக்கிற அளவுக்கு இல்லை.

"நானும் தொட்டுப் பாத்தேன்" என்றாள் அந்த அம்மா. "மூணு வாரங் கழிச்சுப் பாத்தா என்ன தெரியும்? இருந்துச்சுன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. ஊருல கேட்டா அதத்தான் சொல்லுவேன். பொய் சொல்ல மாட்டேன்."

"நாளு நின்னு நாலு மாசமாச்சு" என்றாள் மதினி சுவரைப் பார்த்துக்கொண்டு. வன்மமாகச் சொல்லவில்லை. தெரிந்ததை மறைக்கத் தெரியாதவள், அவ்வளவுதான். நோய் முற்றினால் மாதவிலக்கும் நின்றுபோகும் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அவள் மேஜை ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படி ஏறி வந்ததில் மூச்சு இரைத்தது. அன்றைக்கும் முந்தானை கழுத்தை இறுக்கித்தான் இருந்தது. பேறு பார்க்கிறவளுக்கு என்னுடைய கூச்சமெல்லாம் ஏது? எத்தனையோ பெண்களின் துணியைத் தளர்த்தி மூச்சுவிட வைத்த கை அது. "இப்பிடி இறுக்கிக்கிட்டு இருந்தா மூச்சு வாங்காம என்ன செய்யும், களட்டு" என்று சொல்லி, முந்தானையைப் பிடித்து இழுத்துத் தோளுக்குக் கீழே விட்டாள்.

நான் பார்த்தேன்.

நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற அவளுக்குக் கழுத்தின் பாதி உயரம் வரைக்கும் நரம்பு நிரம்பி நின்றது. நிரம்பியிருந்தது சட்டென்று உள்வாங்கியது, மறுபடி நிரம்பியது. விரல் வைத்தேன், விரலில் ஒன்றுமே தட்டவில்லை. மூச்சை இழுக்கச் சொன்னேன். மூச்சு உள்ளே போனால் அது இறங்க வேண்டும், அவளுக்கு ஏறியது. மணிக்கட்டில் நாடி அதே நேரத்தில் மெலிந்தது. இது கல்லீரல் இல்லை. இருதயத்தைச் சுற்றியிருக்கிற உறை தடித்து இறுகி, இருதயத்தை விரியவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இருமிச் செத்த புருஷன் விட்டுப்போன காசநோயாக இருக்கலாம். மூன்று வாரத்துக்கு முன்னாலும் இது இங்கேதான் இருந்திருக்கும். தேர்வில் நோயாளியை வைத்துக் கேட்டால்கூட இவ்வளவு தெளிவாகக் காட்டமாட்டார்கள். ஒரு முழம் துணிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நான் கல்லீரல் என்று எழுதியிருக்கிறேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அன்னைக்கே இதப் பாத்திருக்கணும் தாயி" என்றேன். "கழுத்தத் தொறக்கச் சொல்ல எனக்குக் கூச்சமாப் போச்சு."

அவள் கண்ணைத் திறந்தாள். "சொல்லிருந்தா தொறந்திருப்பேனேய்யா. காலங்காத்தால ஒங்க கண்ணுல பட்டு ஒங்களுக்கு ஆகாம போயிறக் கூடாதேன்னுதான் மூடிக்கிட்டு வந்தேன்."

நான் அவள் மணிக்கட்டை மெதுவாக மடியில் வைத்தேன்.

பேறு பார்க்கிற அம்மாவிடம், "இந்தக் கழுத்து நரம்பைப் பாருங்க" என்றேன். பார்த்தாள். "ஆமா, துடிக்குது. பயந்தவளுக்குத் துடிக்கத்தான் செய்யும்" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த கோபத்தை அன்றைக்கு எப்படியோ விழுங்கிக்கொண்டேன். "உங்க கையைக் குடுங்க" என்று கேட்டு, அவள் உள்ளங்கையை வாங்கி, வலது விலா எலும்புக்குக் கீழே, வீங்கிய கல்லீரலின் மேல் வைத்தேன். "இப்ப மெதுவா அமுக்குங்க. அமுக்கிக்கிட்டே கழுத்தப் பாருங்க."

அமுக்கினாள். கழுத்தின் பாதியில் நின்ற நரம்பு மேலே ஏறியது. தாடையைத் தாண்டிக் காதடிக்குப் போயிற்று. தாலியோடு சேர்த்துப் பாம்படத்தையும் கழற்றியிருந்ததால், நீண்ட காது வெறும் வளையமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது ஒவ்வொரு துடிப்புக்கும் ஆட ஆரம்பித்தது. அந்த அம்மா சட்டென்று கையை எடுத்தாள். காது நின்றது, நரம்பு பழைய இடத்துக்கு இறங்கியது. மறுபடி அமுக்கினாள். மறுபடி ஏறியது. மூன்றாவது தடவை இன்னும் மெதுவாக, அறிகிற ஆசையோடு அமுக்கினாள். அதற்குள் அவள் முகம் மாறிவிட்டிருந்தது. மிடுக்கு போய், வேலை தெரிந்த ஒருத்தி வேலையில் இருக்கும்போது இருக்கிற முகம் வந்திருந்தது.

"புள்ளத்தாச்சி வயிறு எத்தன அமுக்கியிருக்கேன்" என்றாள் தனக்குத் தானே. "ஒருத்திக்கும் கழுத்துல ஏறுனதில்ல."

"இருதயத்துல அடைப்பும்மா. ரத்தம் உள்ள போக வழியில்லாம பின்னால தேங்குது. மேல தேங்குறது கழுத்துல நிக்குது. கீழ தேங்குறது தண்ணியாக் கசிஞ்சு வயித்துல கோக்குது. அதத்தான் நான் எறக்குனேன். தண்ணியத்தான் எறக்குனேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "வெளங்குது. இன்னொரு தடவ சொல்ல வேணாம்." பிறகு வாசல் பக்கம் திரும்பி, "ஏலே, உள்ள வா" என்று அண்ணனைக் கூப்பிட்டாள்.

அண்ணன் உள்ளே வந்தவர் தங்கையின் திறந்த கழுத்தைக் கண்டதும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். தாலி கழற்றிய நாளிலிருந்து அவர் அந்தக் கழுத்தைப் பார்த்ததில்லை. பார்க்கவும் கூடாது.

"பாருலே. ஒன் தங்கச்சி கழுத்துதான?" என்றாள் அந்த அம்மா. அவர் அசையவில்லை. "நீ பாக்கலன்னா நாளைக்குக் கூட்டத்துல எதச் சொல்லி நிப்ப?"

அவர் நிமிர்ந்தார். அந்த அம்மா வயிற்றை அமுக்கினாள். ஏறுகிற நரம்பையும் ஆடுகிற காதையும் அவர் பார்த்தார். மதினியும் பார்த்தாள். அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "மாட்டுக்கொட்டாயில போட்டுட்டனே, மாட்டுக்கொட்டாயில போட்டுட்டனே" என்பது மட்டும் கேட்டது. தங்கைதான், "அழாதண்ணே, மாடு ஒன்னும் சொல்லல" என்றாள்.

கூட்டத்தில் பேறு பார்க்கிற அம்மா பேசினாளாம். அவள் பேசிய பிறகு யாரும் பேசவில்லையாம். அன்றைக்கே பாய் வீட்டுக்குள் வந்துவிட்டது. நான் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளை அனுப்பி வைத்தேன். அங்கே படம் எடுத்துப் பார்த்து நான் நினைத்ததையே சொன்னார்கள். உறையை அறுத்து எடுக்கிற வைத்தியம் எங்கேயோ வெள்ளைக்காரன் சீமையில் நடப்பதாகப் படித்திருந்தோம். எங்களுக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை. உப்பில்லாத கஞ்சி, ஓய்வு, நீர் கோத்தால் ஊசி. இதை நான் அவளிடம் மறைக்கவில்லை. அவளும் எத்தனை நாள் என்று கேட்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் நான் ஆரம்பித்து வைத்த காட்சி அதோடு நிற்கவில்லை. கூட்டத்தில் கேட்டதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். நெருப்பு வாங்க வந்தேன், முறம் வாங்க வந்தேன் என்று வந்து, கடைசியில், "அந்தக் கழுத்தக் கொஞ்சங் காட்டு" என்பார்களாம். இவள் முந்தானையை விலக்கி, தன் கையாலேயே தன் வயிற்றை அமுக்கிக் காட்டுவாளாம். காட்டாவிட்டால் மறைக்கிறாள் என்று பேச்சு வரும். ஊசி போட வந்த ஒரு நாள் என்னிடம் கேட்டாள்: "எத்தன பேருக்குய்யா காட்டுறது?"

நான் கையில் இருந்த ஊசியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். எந்த மரியாதைக்காக நான் அன்றைக்குத் தலையைக் குனிந்தேனோ, அந்த மரியாதை அவளுக்கு மிச்சமில்லாமல் போயிருந்தது. அதில் என் பங்கு இரண்டு தடவை. பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்காதது ஒன்று. ஊர் பார்க்கும்படி ஆக்கியது இன்னொன்று. வேறு வழி இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அதை நிறுத்தியது மதினிதான். கழுத்தைப் பார்க்க வந்த இரண்டு பெண்களை வாசலிலேயே மறித்து, "எங்க வீட்டுப் பிள்ள கழுத்து என்ன பொருட்காச்சியா? போங்க, வந்த வழியப் பாத்து" என்று விரட்டியிருக்கிறாள். இதை எனக்குச் சொன்னது அண்ணன்தான். சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இரண்டு வருஷத்துக்கு மேல் வந்து போனாள். ஒவ்வொரு தடவையும் வாளியை அண்ணனே கையில் எடுத்துக்கொண்டு போய், வெட்ட வெளியில் நாலு பேர் பார்க்கக் கொட்டிவிட்டு வருவார். நானும் வாசலில் நின்று, "தண்ணி எறக்கியாச்சு" என்று தண்ணீரில் அழுத்தம் கொடுத்துச் சத்தமாகச் சொல்வேன். உள்ளே அவள் சிரிப்பது கேட்கும். ஊசி போடுகிற இடைவெளி ஒரு மாதமாக இருந்தது ஒரு வாரமாகக் குறைந்தது. பிறகு வண்டியில் ஏற்றக்கூட முடியவில்லை என்று தகவல் வந்தது. இரண்டு தடவை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் முதல் மழை விழுந்திருந்த ஒரு காலையில் அண்ணன் வந்தார். காலெல்லாம் கரிசல் மண். இந்தத் தடவை மரத்தடியில் காத்திருக்கவில்லை, நேராக உள்ளே வந்தார்.

"நேத்து எடுத்தாச்சுய்யா" என்றார்.

நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"கடேசி பத்து நாளு மூச்சு முட்டுச்சு. காத்தாட இருக்கும், தொழுவத்துல கொண்டுபோய்ப் போடுங்கன்னு அவளே கேட்டா. எம் பொண்டாட்டி ஒத்துக்கிடல. நடுவீட்டுல தன் நெஞ்சுல சாய்ச்சு ஒக்கார வச்சுக்கிட்டே இருந்தா. அங்க இருந்துதான் போனா. அங்க இருந்துதான்யா எடுத்தோம்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "இத ஒங்ககிட்டச் சொல்லிட்டுப் போயிறணும்னுதான் வந்தேன். வாரேன்யா."

நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். வெளியே வராந்தாவில் ஜனம் காத்திருந்தது. அவர் மழைச் சேற்றில் நடந்து ரோட்டுத் திருப்பத்தில் மறைகிறவரைக்கும் நான் யாரையும் உள்ளே கூப்பிடவில்லை.